ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் 🌴 (குரூப்)

கவிதா: யாரும் பதறாதீங்க. அம்மா இப்ப நல்லா இருக்கா. காலையில கோலம் போடும்போது மயங்கி விழுந்துட்டா. எதிர்வீட்டு அக்காதான் தூக்கி உக்கார வச்சு சீனித் தண்ணி குடுத்திருக்காங்க. சுகர் 58

மீனா அத்தை: ஐயோ

மீனா அத்தை: 58 ஆ 580 ஆ

செந்தில்: 58 அத்தை. லோ சுகர்

சங்கரன் மாமா: அக்கா சாப்பிடலயா

கவிதா: அதான் மாமா விஷயமே. மூணு வாரமா ராத்திரி ஒரு டம்ளர் மோர் மட்டும்தானாம். சுகர் மாத்திரையை மட்டும் வேளை தப்பாமப் போட்டிருக்கா

மீனா அத்தை: மதினிக்கு எதுக்கு இந்த வேலை

கவிதா: போன மாசம் செக்கப் எடுத்தோம்ல. ரிப்போர்ட்ல பிஎம்ஐ, அதான் உயரத்துக்கேத்த எடையான்னு பாக்குற கணக்கு, 29.4ன்னு சிவப்புல போட்டு, பக்கத்துல இருக்க வேண்டிய எடை 53ன்னு இருந்தது. இப்ப 68. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குள்ள 15 கிலோ குறைக்கணும்னு தை மாசக் காலண்டர்ல பென்சில்ல 53ன்னு எழுதி வச்சிருக்கா

அப்பா: பால் கணக்குன்னு நினைச்சேன்

செந்தில்: 🤦

கணபதி சித்தப்பா: எல்லாரும் கவனிக்கவும். பிஎம்ஐ என்பது வைத்தியர் கண்டுபிடித்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக்காரர் கெட்லே போட்ட கணக்கு. அவர் வானியலும் கணிதமும் படித்தவர். ஜனங்களின் சராசரியைப் பார்க்கத்தான் போட்டார், தனி ஆளுக்கு வைத்தியம் பார்க்க அல்ல. பிஎம்ஐ என்ற பெயரையே 1972இல்தான் ஆன்செல் கீஸ் வைத்தார். கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். மதினிக்கு 68 ÷ 1.52 ÷ 1.52 = 29.4. விடை சரி. (தொடரும்)

மீனா அத்தை: தொடருமா

செந்தில்: பெல் அடிச்சாச்சு, யாரும் வெளிய போகக்கூடாது

கார்த்தி: பிஎம்ஐ எல்லாம் வேஸ்ட். எனக்கு 27. நான் என்ன குண்டா

கார்த்தி: 📷 போட்டோ

மீனா அத்தை: ஏல சட்டையப் போடுல. பொம்பளைங்க இருக்கிற குரூப்பு

கணபதி சித்தப்பா: வேஸ்ட் என்று சொல்லக் கூடாது. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யூட்கின், இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. அதனால்தான் வெளிநாட்டில் 25 வரை சரி என்றால் நமக்கு 23லேயே உஷார், 25 தாண்டினாலே பருமன். ஆனால் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. உதாரணம் நம்ம சங்கரன் மச்சான்

சங்கரன் மாமா: என்னைய ஏன் இழுக்கீங்க

கணபதி சித்தப்பா: பிஎம்ஐ எவ்வளவு

சங்கரன் மாமா: 22

செந்தில்: சுகர் வந்து 12 வருஷம்

சங்கரன் மாமா: வயிறு மட்டும் லேசா

மீனா அத்தை: லேசாவா. கவிதா கல்யாணத்து மறுநாள் சொதிக்கு ரெண்டு பந்தி உக்காந்தது யாரு

சங்கரன் மாமா: 2011ஐ இன்னும் விடலயா. எங்க ஊர் ஆளுக உக்காந்தப்ப சொதியே இல்ல. வெறும் இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கிட்டு எந்திரிச்சாங்க

மீனா அத்தை: 60 தேங்கா உடைச்சோம். சொன்னதுக்கு மேல 40 பேரக் கூட்டிட்டு வந்தா

அப்பா: தை மாசம் சொதி உண்டா

கவிதா: அப்பா!!

கவிதா: டாக்டர் சொன்னதைக் கேளுங்க. 53ஐ மறந்துரணுமாம். முதல்ல 5லருந்து 7 சதவீதம் குறைஞ்சாலே போதும். மூணரை, மிஞ்சினா அஞ்சு கிலோ. அதுவும் ஆறு மாசத்துல. மாத்திரையும் குறைச்சிருக்கார். பிஎம்ஐ எச்சரிக்கை மணி மாதிரி, அதை வச்சு இவ்வளவு கிலோ குறைக்கணும்னு முடிவு பண்ணாதீங்கன்னார். இடுப்புச் சுத்தளவு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும், அம்மாவுக்கு 94. அதைத்தான் பாக்கணுமாம்

மீனா அத்தை: எனக்கு 104 வருதே

கவிதா: சேலைக்கு மேலயா அளந்தீங்க

மீனா அத்தை: ஆமா

கவிதா: கொசுவத்தையும் சேத்து அளந்தா 104 வராம. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளக்கணும்

கணபதி சித்தப்பா: டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து ஆராய்ச்சி. ஒரு பிரிவுக்கு எடையில் 7 சதவீதம் குறைக்கணும், வாரம் 150 நிமிடம் நடக்கணும். அவர்களுக்குச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. 2002

மீனா அத்தை: திரும்பவும் 58 ஆ

செந்தில்: சித்தப்பா, அம்மாவுக்குத்தான் ஏற்கெனவே வந்தாச்சே

கணபதி சித்தப்பா: அது வேறு பாடம்

அம்மா: எல்லாரும் பேசி முடிச்சாச்சா

அம்மா: சார்ட்டுல போட்டிருந்ததுக்காக ஒண்ணும் நான் பட்டினி கிடக்கல. ஆவணியில வளைகாப்பு வீட்டுல மணையில உக்காந்துட்டு எந்திரிக்க முடியல. ரெண்டு பேர் தூக்கி விட்டாங்க. பின்னால ஒருத்தி சிரிச்சா. யாருன்னு சொல்ல மாட்டேன். தை மாசம் கலசத் தண்ணி ஊத்தும்போது அதே மணையிலதான உக்காரணும்

மீனா அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சங்கரன் மாமா: அழிச்சது என்ன

மீனா அத்தை: கை பட்டுட்டு

மீனா அத்தை: மதினி சாயங்காலம் வாரேன். சுண்டல் அவிச்சுக் கொண்டாரேன். தேங்கா போடல

கார்த்தி: பெரியம்மா எடைய விடுங்க. நாற்காலியில கை ஊனாம உக்காந்து எந்திரிக்கணும், தினம் பத்து பத்தா. தொடைக்கு பலம் வந்துட்டா அப்புறம் முக்காலி, அப்புறம் மணை. ஞாயித்துக்கிழமை வந்து சொல்லித் தாரேன்

அம்மா: சட்டை போட்டுட்டு வா

செந்தில்: 😂😂

சங்கரன் மாமா: திருக்கடையூர்னா மணை. இங்க மண்டபம்னா நாற்காலி போட்டுக்கலாம். நான் அப்பவே சொன்னேன்

கணபதி சித்தப்பா: திருக்கடையூர் முடிவாகி விட்டதே

செந்தில்: எப்ப முடிவாச்சு?

அப்பா: 53ஐ அழிச்சிட்டேன். பால் கணக்கும் சேந்து போயிட்டு

மீனா அத்தை: வேன் எத்தனை சீட்டு சொல்லியிருக்கு