சொகுசுக் கப்பலின் இரவு உணவகத்துக்கு வேட்டியுடன் போகலாமா?

கொக்குவில் ரீச்சர் எழுதியது:

கள உறவுகளுக்கு வணக்கம். இலண்டனில் இருக்கும் மகள், வருகிற கோடையில் எங்கள் இருவரையும் கியூனார்ட் நிறுவனத்தின் கப்பலொன்றில் சவுத்ஹாம்ப்டனிலிருந்து நோர்வேக்குக் கூட்டிச்செல்வதற்குப் பதிவு செய்திருக்கிறாள். விசா, மருந்து, மரக்கறிச் சாப்பாடு என்று நான் கவலைப்பட்ட எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருக்கிறது. உடுப்புக்கு மட்டும் இல்லை. ஒரு வாரப் பயணத்தில் இரண்டு இரவுகள் 'காலா' இரவுகளாம். அந்த இரவுகளில் பிரதான உணவகத்துக்குள் ஆண்கள் கோட், ரை சகிதமும் பெண்கள் விருந்துக்குரிய உடையிலும் வரவேண்டும் என்று அவள் அனுப்பிய தாளில் போட்டிருக்கிறது.

என் கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வேட்டியும் நாஷனல் சட்டையும் சால்வையுமாகவே பாடசாலைக்குப் போய்வந்தவர். "கலியாண வீட்டுக்கே போடாத கோட்டைக் கப்பற் சாப்பாட்டுக்கோ போடுவன்?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாளோ, இந்தக் காலத்தில் கப்பலில் ஒருவரும் கோட் போடுவதில்லை, தாங்கள் ஜீன்ஸுடன்தான் எல்லா இடமும் போய்ச் சாப்பிட்டோம் என்கிறா. இரண்டில் எது உண்மை? வேட்டியுடன் போனால் வாசலில் மறிப்பார்களா? எனக்குப் பட்டுச்சேலை போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முனைக்கடலோடி எழுதியது:

ரீச்சர், இப்படியான கப்பல்களின் உணவகங்களில் பரிமாறுபவனாக வேலை செய்துவிட்டு இப்போது பருத்தித்துறையில் இருப்பவன் நான். உங்கள் மச்சாள் சொன்னதும் உண்மை, மகள் அனுப்பிய தாளும் உண்மை. மச்சாள் போனது வேறு கம்பனியின் கப்பலாக இருக்கும், அவ்வளவுதான்.

முன்னைய காலத்தில் ஒரு கப்பலுக்கு ஒரு பெரிய உணவு மண்டபம் இருக்கும். இரண்டு பந்தி, குறித்த நேரம், பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள். கப்பற்தலைவர் பயணிகளை வரவேற்கும் இரவில் எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடுவதால் எல்லோருக்கும் ஒரே உடைவிதி பொருந்தியது. நோர்வீஜியன் குறூஸ் லைன் 2000ஆம் ஆண்டில் 'ஃபிறீஸ்ரைல்' என்ற பெயரில் குறித்த நேரத்தையும் குறித்த மேசையையும் விட்டது. அவற்றோடு கட்டாயக் கோட்டும் போயிற்று. 2015இல் செலிபிரிற்றி நிறுவனம் தன் 'ஃபோர்மல்' இரவுகளை நிறுத்தி 'ஈவினிங் ஷிக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல காற்சட்டையும் கொலர் வைத்த சேட்டும் இருந்தால் அங்கே போதும். பிரித்தானியர் அதிகம் பயணம் செய்யும் பி அன்ட் ஓ கம்பனிகூடத் தன் 'பிளாக் ரை' இரவுகளுக்குக் 'கொண்டாட்ட இரவு' என்று பெயர் மாற்றிவிட்டது.

இதில் பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயம் உண்டு. கட்டணம் கூடக்கூட உடைவிதியும் இறுகும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓஷியானியா, அசமாரா, வைக்கிங் ஆகியவை மலிவான கப்பல்கள் அல்ல, ஆனால் அவற்றில் கோட் கட்டாயமான இரவு ஒன்றுகூட இல்லை. நல்ல வசதியுள்ள ஓய்வூதியர்களே அவற்றின் வாடிக்கையாளர்கள். வாழ்நாள் முழுதும் கழுத்தை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போன மனிதர்கள் விடுமுறையிலும் அதைச் செய்ய விரும்பவில்லை. அத்துடன் பெரும்பாலானோர் துறைமுகத்துக்கு வானூர்தியில் வந்து சேருகிறார்கள். 23 கிலோவுக்குள் குளிர் உடுப்பையும் மருந்தையும் அடக்கிய பிறகு, இரண்டு இரவுக்காக ஒரு கோட்டையும் தோற் சப்பாத்தையும் சுமப்பதற்கு ஆட்கள் தயங்குகிறார்கள்.

இந்த மாற்றங்களுக்கிடையிலும் பழைய ஒழுங்கைப் பெருமையாகக் காத்துவருவது நீங்கள் போகும் கியூனார்ட். அங்கும் சாதாரண இரவுகளில் கோட்டும் ரையும் இப்போது விருப்பத்துக்குரியவை. மாலை ஆறு மணிக்குப் பிறகு நேர்த்தியாக இருந்தால் போதும். காலா இரவில் மட்டும் டக்ஸீடோ என்ற விருந்துக் கோட் அல்லது கடும் நிறக் கோட், ரை அல்லது வண்ணத்துப்பூச்சி வடிவில் முடியும் 'போ ரை'. ஆனால் அந்த விதியிலேயே தேசிய உடைக்கும் இடம் இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர் கில்ற் என்ற தங்கள் பாவாடை போன்ற உடையை அணிந்து வருவார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆகவே உங்கள் கணவரின் வேட்டிக்கு அவர்கள் விசேட அனுமதி தரவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐரோப்பியருக்குச் சாரம் என்பது நீச்சற் தடாகத்தின் ஓரத்தில் இடுப்பில் சுற்றும் துணி. வாசலில் நிற்கும் மேலாளர் வருபவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்ப்பார். அரைக்காற்சட்டை, கையில்லாத பெனியன், கிழிந்த ஜீன்ஸ், தொப்பி, கடற்கரைச் செருப்பு ஆகியவற்றைத்தான் அவர் கண் தேடும். கரையில்லாத ஒற்றை வேட்டியை அரைக்கைச் சேட்டுடன் கண்டால், நம் ஊரை அறியாத ஒரு மேலாளர் அதையும் தடாகத்துத் துணியாக எண்ணக்கூடும். அதே ஆள் சரிகைக்கரை வேட்டி, முழுக்கை நாஷனல், தோளில் மடிப்புச் சால்வை என்று வந்தால், அது ஒரு நாட்டின் விருந்து உடை என்பது யாருக்கும் சொல்லாமலே விளங்கும்.

பெரியகடைத் தையற்காரன் எழுதியது:

கடலோடித் தம்பி சொன்னதோடு என் தொழிற்பக்கத்தையும் சேர்க்கிறேன். ரீச்சர், ஐயாவுக்கு எட்டு முழ வேட்டி எடுங்கள். நாலு முழம் வீட்டுக்குச் சரி. விருந்து மண்டபத்து வெளிச்சத்தில் அது கால்களைக் காட்டிக்கொடுக்கும். முழுப்பட்டு வேண்டாம், வழுக்கும். பட்டுக்கரை வைத்த பருத்தி வேட்டி இடுப்பில் நிற்கும். ஐயா பழக்கசாலி என்றாலும் கப்பல் ஆடும்போது படியிறங்க வேண்டிவரும் என்பதால் உள்ளே ஒரு பட்டி கட்டுவது நல்லது. நோர்வேக் கரையில் மேல்தளத்துக் காற்று வேட்டியை விட்டுவைக்காது. ஆகவே அறையிலிருந்து உணவகத்துக்கு உட்பாதையாலேயே போகச் சொல்லுங்கள். குளிருக்கு வேட்டியின் கீழ் உடம்போடு ஒட்டிய நீள உட்காற்சட்டை போடலாம். கணுக்காலுக்கு மேல் நின்றால் வெளியே தெரியாது.

நாஷனல் முழுக்கையாகவே இருக்கட்டும். கழுத்துப் பித்தான்கள் பொன்னிறமாக இருந்தால் கோட்டுக்காரர் நடுவிலும் எடுப்பாக இருக்கும். மற்றது, எந்தக் காரணம் கொண்டும் வேட்டியை மடித்துக் கட்டக்கூடாது. எங்கள் ஆட்களுக்குப் படியைக் கண்டால் கை தானாகவே அங்கே போய்விடும்.

உங்களுக்குப் பட்டுச்சேலை தாராளம். காலா இரவுகளில் சிலவேளை 'கறுப்பு வெள்ளை', 'முகமூடி' என்று கருப்பொருள் வைப்பார்கள். அதற்காகக் கறுப்புச் சேலை தேடி அலைய வேண்டாம்; கருப்பொருளைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். நல்ல நாளில் கறுப்பு உடுத்த மனம் வராதவர்களுக்கு வெள்ளையில் பொன்கரை போட்ட சேலை இருக்கிறது. ஐயாவைப் பொறுத்தவரை வெள்ளை வேட்டியே அந்த இரவுக்குப் பொருந்திவிடும்!

சுன்னாகத்துப் பொடியன் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வளவு காசு கட்டிப் போகும் பயணத்தில் வேட்டி 'ஏற்றுக்கொள்ளப்படுமா' என்று நாம் கேட்க வேண்டியிருப்பதே எனக்கு உறுத்துகிறது. 2014 யூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கழகத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியுடன் வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசலில் தடுத்தார்கள். பதவியிலிருக்கும் நீதிபதிக்கே அந்த நிலை. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை, வேட்டிக்குத் தடை விதிக்கும் கழகங்களின் உரிமத்தை இரத்துச் செய்யவும், பொறுப்பானவர்களுக்கு ஓர் ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபா தண்டமும் விதிக்கவும் சட்டம் இயற்றியது. கப்பல் விதியும் அந்தக் கழக விதியும் ஒரே வெள்ளைக்கார வீட்டில் பிறந்தவை. 2023 யூனில் காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ் கப்பலின் பயணிகள் வெயிலுக்கு ஏற்ற உடுப்பில் இறங்கி ஊர் பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கு என்ன குறைந்துபோனது? ஜீன்ஸ் அணிந்தவனின் நாக்குக்குச் சுவை தெரியாதா? உடைவிதி என்பது பக்கத்து மேசைக்காரர் யாராக இருக்கலாம் என்று தெரிவுசெய்யும் ஒரு வழி, வேறொன்றுமில்லை.

அரியாலை ஐயா எழுதியது:

தம்பி, உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம். சென்னையில் நடந்தது அவமானம். அந்தச் சட்டமும் வேண்டியதே. ஆனால் அந்தச் சட்டம் உடைவிதி என்பதையே ஒழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் உடையை ஒழுங்கான உடையாக எண்ண மறுக்காதே என்றுதான் அது சொல்கிறது. கியூனார்ட்டின் விதியில் தேசிய உடைக்கு இடம் வைத்ததும் அதே நியாயத்தில்தான். காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் வெயிலில் ஊர் பார்க்க வந்தவர்கள். அவர்களும் இரவு விருந்துக்கு உடுப்பு மாற்றியிருப்பார்கள். பகலில் என்ன உடுக்கவேண்டும் என்று எந்தக் கப்பலும் பெரிதாகக் கேட்பதில்லை.

நல்லூரில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டே உள்ளே போகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தேர்த்திருவிழாவில் வெறும் மேலுடன் நிற்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனாலும் கழற்றுகிறார்கள். அந்த இடத்தின் ஒழுங்கை ஏற்றுக்கொள்ளாதவர் வெளிவீதியிலேயே கும்பிடலாம், அதற்கும் தடையில்லை. கப்பலிலும் அப்படித்தான். காலா இரவில் உடுத்த விருப்பமில்லாதவருக்குப் பஃபே உணவகம் திறந்திருக்கும். என் மருமகன் கோட் கொண்டுபோகாமல் அந்த வசதியைத்தான் பயன்படுத்தினார், பசியோடு படுக்கவில்லை.

எனக்கு இதில் உள்ள மனத்தாங்கல் வேறு. விதியை எழுதிவைத்துவிட்டு அதை நடத்தத் தயங்கும் கப்பல்களே இப்போது அதிகம். நான் போன கப்பலில் எங்கள் மேசையிலிருந்த வயதான தம்பதி வைர ஊசியும் மாலை உடையுமாக அமர்ந்திருக்க, அடுத்த மேசையில் ஒருவர் உதைபந்தாட்ட ரீசேட்டுடன் வந்திருந்தார். மேலாளர் கண்டும் காணாதவராக நடந்துபோனார். பயணம் முடிந்ததும் நிரப்பும் கருத்துத் தாளில் அந்த ரீசேட்டுக்காரர் என்ன எழுதுவார் என்ற பயம் அவருக்கு. நானாக இருந்தால் விதியை முழுதாக எடுத்துவிடுவேன், அல்லது முழுதாக நடத்துவேன். பாரத்தைச் சுமந்து நேர்த்தியாக வந்தவர் ஏமாறுவதும், பேசாமல் வந்தவர் வெல்லுவதும் மரியாதையான ஏற்பாடு அல்ல.

சுன்னாகத்துப் பொடியன் எழுதியது:

ஐயா, நல்லூரில் நுழைய யாரும் கட்டணம் வாங்குவதில்லை என்ற வேறுபாட்டை விட்டுவிட்டீர்கள். இருந்தாலும் கடைசிப் பந்தியை ஒப்புக்கொள்கிறேன். எடுத்துவிடுங்கள் என்பதே என் வாக்கு.

கொக்குவில் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கில்ற் பற்றிய இடத்தில் மட்டும் சிரித்தார், நாஷனலுக்குப் பொன்னிறப் பித்தான் வேண்டாம் என்றார். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. வேட்டிக்குக் கீழே அவர் தோற் செருப்புத்தான் போடுவார். சப்பாத்து வாங்கினால் அது பெட்டியோடுதான் கப்பலைப் பார்த்துவிட்டு வரும். செருப்பை ஏற்பார்களா?

முனைக்கடலோடி எழுதியது:

ரீச்சர், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆண்களின் விரல் தெரியும் செருப்பை விரும்பாத உணவகங்கள் பல. கடற்கரைச் செருப்புக்கும் நல்ல தோற் செருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லா மேலாளரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முன்பக்கம் மூடிய, குதிப்பக்கம் திறந்த தோற் செருப்பு கடைகளில் கிடைக்கும்; போடவும் கழற்றவும் இலகு, வேட்டியுடனும் பொருந்தும், வாசலில் சப்பாத்தாகவே தெரியும். அதுவும் வேண்டாம் என்று ஐயா நின்றால், ஐயா வேட்டி, நாஷனல், சால்வை உடுத்தித் தான் போட விரும்பும் செருப்புடன் நிற்கும் படமொன்றை எடுத்து, இது எங்கள் தேசிய உடை, காலா இரவில் இப்படியே வரலாமா என்று இப்போதே கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். வரும் பதிலை அச்சிட்டு ஐயாவின் நாஷனற் பையில் வைத்துவிடுங்கள். வாசலில் யாராவது தயங்கினால் வாதாட வேண்டாம், தாளை நீட்டினால் சரி. அதோடு கப்பலேறிய முதல் நாளே மரக்கறிச் சாப்பாடு பற்றிச் சொல்லப் பிரதான உணவகத்துக்குப் போவீர்கள்தானே? அப்போது ஐயாவையும் வேட்டியுடனேயே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மேசைக்குப் பொறுப்பானவர் அன்றே அவரைப் பார்த்துவைத்துக்கொள்வார்.