பதில்: ‘ஃபுட் சப்ளை’க்குத் தமிழ் – ‘உணவுக் கிடைப்பளவு’ (கரும்புக் கணக்கை முன்வைத்து)

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தியக் கரும்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர், புள்ளிவிவரத்தில் வரும் ‘ஃபுட் சப்ளை’ (food supply) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் வழங்கல், அளிப்பு, நிரம்பல், நுகர்வு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் நல்ல சொற்கள்தான், ஆனால் இந்த இடத்துக்கு ஒன்றுகூடப் பொருந்தாது என்பது என் கருத்து. கேள்வி எழுந்தது இந்தியாவின் கரும்புக் கணக்கில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1961 முதலான ஒவ்வோர் ஆண்டுக்கும், ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும், ஓர் உணவுக் கணக்குப் போட்டுத் தருகிறது. அந்த ஆண்டு விளைந்தது, இறக்குமதி ஆனது, கையிருப்பிலிருந்து எடுத்தது எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அப்புறம் ஏற்றுமதி, கால்நடைத் தீவனம், விதை, பதப்படுத்தப் போனது, வழியில் வீணானது, உணவல்லாத வேறு பயன் என்று வரிசையாகக் கழிக்கிறார்கள். கழித்து மிஞ்சுவதுதான் ‘ஃபுட் சப்ளை’. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று வரும். யாரும் யார் வீட்டுத் தட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு சொற்களைப் பார்ப்போம்.

> ‘உணவு நுகர்வு’ என்றே எழுதிவிடலாமே, வாசகருக்குச் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். வீட்டுக்கு வந்த பிறகு வீணாவதும் இந்தத் தொகைக்குள்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு ஜோடிக் கரும்பு வாங்குகிறோம், அடிக்கரும்பைப் பிள்ளைகள் கடித்துத் தின்பார்கள், நுனிப்பக்கம் சப்பென்று இருப்பதால் வாசலிலேயே கிடந்து காய்ந்து மாட்டுக்கோ குப்பைக்கோ போகும். வாங்கிய முழுக்கரும்பும் அந்தக் கணக்கில் ‘உணவு’ என்ற கட்டத்தில்தான் விழும். சாப்பிட்டது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும், அது வேறு ஆய்வு, அதற்குத்தான் ‘நுகர்வு’ என்ற சொல் வேண்டும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது?

> ‘வழங்கல்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

அதுதான் சிக்கலே. உணவையும் வழங்கலையும் சேர்த்துச் சொன்னால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் குடிமைப்பொருள் வழங்கல் துறையும் ரேஷன் கடையும்தான் நினைவுக்கு வரும். அதுவும் சர்க்கரை ரேஷனில் போடும் பொருள். ‘2000-இல் சர்க்கரை வழங்கல் உயர்ந்தது’ என்று எழுதினால் கார்டுக்குக் கூடுதலாகப் போட்டார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இன்னொன்று, வழங்கல் என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். இந்தக் கணக்கில் கொடுப்பவரே கிடையாது, கழித்தது போக மிச்சம், அவ்வளவுதான்.

‘அளிப்பு’ நம் பொருளியல் பாடநூல்களில் ‘தேவை’யோடு (டிமாண்ட்) ஜோடியாக வருவது, ‘நிரம்பல்’ இலங்கையில் அதே பொருளில் வழங்கும் ‘கேள்வி’யோடு ஜோடியாக வருவது. இரண்டும் விலை ஏறினால் கூடும், இறங்கினால் குறையும் சந்தை அளவைச் சொல்பவை. அவை அங்கேயே இருக்கட்டும்.

சரி, இந்த வேறுபாட்டுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்? இந்தியக் கணக்கைப் பாருங்கள். 1950-51-இல் கரும்பு விளைச்சல் சுமார் 5.7 கோடி டன். அந்தப் பருவத்தில் ஆலைகள் செய்த சர்க்கரை 11 லட்சம் டன் சொச்சம். சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பில் சர்க்கரையாக வரும் பங்கு, 10 சதவீதம் என்று வைத்தால் ஆலைக்குப் போனது 1.1 கோடி டன், அதாவது விளைந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் விதைக்கரணைக்கும் கடித்துத் தின்னவும் சாறு பிழியவும் போனது போக, பெரும்பங்கு கொப்பரையில் ஏறி வெல்லமானது. 2021-22-இல் ஆலைகள் மட்டுமே அரைத்தது 35.7 கோடி டன், விளைச்சலில் பத்தில் ஏழு பங்குக்கு மேல். ஒரே பயிர், ஆனால் கணக்கில் அது கிடக்கும் கட்டம் முழுக்க மாறிவிட்டது.

ஐ.நா. நிறுவனத்தின் உணவுக் கணக்கில் ‘கரும்பு’ ஒரு வரி, ‘சர்க்கரை’ ஒரு வரி, ‘வெல்லம், நாட்டுச் சர்க்கரை’ வகை தனி வரி. கரும்பு வரியின் உணவுத் தொகை என்பது பச்சையாகக் கடிப்பதும் சாறாகக் குடிப்பதும் மட்டுமே. அது குறைந்தால் ‘இந்தியர்கள் இனிப்பைக் குறைத்துவிட்டார்கள்’ என்று தலைப்புப் போட ஒருவர் கிளம்பினால், அவரைத் தடுக்க வேண்டியது சொல்தான். ‘நுகர்வு’ தடுக்காது.

அதே 2021-22-ஐ இன்னும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அரைத்த கரும்பில் சுமார் 394 லட்சம் டன் சர்க்கரைக்கான சாரம் இருந்தது. அதில் 35 லட்சம் டன் எத்தனாலுக்குத் திருப்பப்பட்டது, சர்க்கரையாக வந்தது 359 லட்சம் டன், அதன்பின் ஏற்றுமதி ஏறக்குறைய 110 லட்சம் டன். விளைச்சல் பெருகியது உண்மை, ஆனால் பெருகியது எல்லாம் உணவுக் கட்டத்துக்கு வரவில்லை. 2023 டிசம்பரில் மழை பொய்த்து விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசு நிறுத்தியது, சில நாட்களிலேயே ஓர் உச்சவரம்புக்குள் அனுமதித்தது. ஒரே உத்தரவில் லட்சக்கணக்கான டன் எரிபொருள் கட்டத்துக்கும் உணவுக் கட்டத்துக்கும் இடையே இடம் மாறுகிறது. வயலில் ஒரு கரும்புகூட அதனால் கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்படி மாறுகிற தொகைக்குப் பெயர் ‘உண்பதற்கென்று கிடைத்த அளவு’ என்ற பொருளைத் தர வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை உணவுக் கிடைப்பளவு. ‘கிடைப்பு’ மட்டும் போதாதா என்று கேட்கலாம். இது எப்போதும் ஓர் எண்ணாகவே வருவதால் ‘அளவு’ ஒட்டியிருப்பது நல்லது. ‘தலா வருமானம்’ எல்லோருக்கும் பழகியது, அதே வழியில் ‘தலா உணவுக் கிடைப்பளவு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. ஈழத்து நண்பர்கள் ‘கிடைப்பனவு’ என்று புழங்குவதற்கும் இது பக்கத்திலேயே நிற்கிறது.

இந்த முழு உணவுக் கணக்குக்கும் ஆங்கிலத்தில் பெயர் ‘ஃபுட் பேலன்ஸ் ஷீட்’, அதற்கு ‘உணவுச் சமநிலைத் தாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. அது ஏதோ சரிவிகித உணவுப் பட்டியல் போல ஒலிக்கிறது. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் சேர்த்துக் காட்டும் கணக்குக்கு நம்மிடம் ‘ஐந்தொகை’ என்ற பழைய சொல் இருக்கிறது, இலங்கையில் இன்றும் கணக்கியலில் நிற்கிறது. ‘உணவு ஐந்தொகை’ என்றே வைத்துவிடலாம்.

கட்டுரை எழுதுபவருக்கு ஒரு வேண்டுகோள். உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிடும் முறையை மாற்றி 2010 முதல் புதிய தொடராகத் தருகிறது, பழைய தொடர் 2013-ஓடு நிற்கிறது. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரையாதீர்கள், ஒட்டிய இடத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் கரும்பால் வந்ததா கணக்கு முறையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இன்னும் எனக்குத் தீராதது ‘ப்ராசஸிங்’ என்ற கட்டம். ‘பதப்படுத்தல்’ என்றால் ஊறுகாயும் குளிர்பதனமும் நினைவுக்கு வருகின்றன. கரும்புக்கு ‘அரவைக்குப் போனது’ என்று ஆலைக்காரர்கள் சொல்வதையே வைக்கலாம், நிலக்கடலைக்கும் ஓரளவு ஒத்துவரும், பாலுக்கு ஒத்துவராது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாக ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.