"சாப்பிடாம வாங்க"ன்னு சொன்னாங்க, அம்மாவும் சாப்பிடலை

போன மாசம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. 71 வயசு. முந்தின நாளே லேப்ல போன் பண்ணி, "காலைல சாப்பிடாம கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. நானும் அதையே அம்மாகிட்ட சொன்னேன். சர்க்கரை 148னு வந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதப் போன டாக்டர், பேனாவை நிறுத்திட்டு, "காலைல என்னம்மா குடிச்சீங்க?"ன்னு கேட்டார்.

"காபி, நாலு பிஸ்கட். சாப்பாடு தொடலை சார்."

அம்மா பொய் சொல்லலை. எங்க வீட்டுல சாப்பாடுன்னா சோறுதான். ராத்திரி மூணு இட்லி தின்னுட்டு, "இன்னைக்கு நான் சாப்பிடலைப்பா"ன்னு படுப்பாங்க. இதைக் கேட்டே வளர்ந்தவன் நான், எனக்குக்கூடத் தோணலையேன்னுதான் வருத்தம். ரெண்டு நாள் கழிச்சு ஒழுங்கா எடுத்தப்ப 112. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

லேப்ல வேலை பார்க்கிறவர்:
தினமும் பார்க்கிறோம் சார். அதனால "சாப்பிடாம"ங்கிற வார்த்தையையே நான் விட்டுட்டேன். "ராத்திரி ஒன்பது மணிக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்க, அப்புறம் வெறும் தண்ணி மட்டும், டீ, காபி, பால், பழம் எதுவும் கூடாது"ன்னு சொல்றேன். குறைஞ்சது எட்டு மணி நேரம் வேணும். தண்ணியும் கூடாதுன்னு நினைச்சு நாக்கு வறண்டு வர்றவங்களும் உண்டு, அவங்களுக்கு நரம்பு கிடைக்கிறதே கஷ்டம். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்" கழிச்சு எடுக்கிற சர்க்கரைப் பரிசோதனை இன்னொரு குழப்பம். கை கழுவினதுல இருந்து எண்ணுறாங்க. முதல் வாய் வச்ச நேரத்துல இருந்து எண்ணணும்.

ரெண்டு பிள்ளைங்களோட அம்மா:
எங்க வீட்டுல ஸ்பூன். பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்துக்கடையில "ஒரு ஸ்பூன் குடுங்க"ன்னாங்க. அவங்க சொன்னது 5 மில்லி. மாமியார் கையில எடுத்தது குழம்பு ஊத்துற பெரிய ஸ்பூன், அதுல 15 மில்லி பிடிக்கும். வாய்கிட்ட கொண்டு போறப்ப நான் பார்த்துட்டேன். பாட்டிலோட வந்த கோடு போட்ட மூடி சமையல்மேடையிலயே கிடந்தது.

முதல்ல எழுதினவர்:
நாளைக்கு மறுபடி பரிசோதனை. அம்மாகிட்ட இந்தத் தடவை ஒவ்வொண்ணா பேர் சொல்லிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப வெத்தலை போடலாமாப்பா?"ன்னாங்க.

லேப்ல வேலை பார்க்கிறவர்:
அதுவும் வேண்டாம் சார். அம்மா கேட்டது நல்லதாப் போச்சு, நாளையிலிருந்து அதையும் சேர்த்துச் சொல்றேன்.