இரும்பு-சிலிக்கான்-போரான் ரிப்பன்: காற்றுப் பக்கத்தில் மட்டும் படிக உச்சம் ஏன்?

கேள்வி:
இரும்பு 78, சிலிக்கான் 9, போரான் 13 (அணு சதவீதம்) கலவையை மெல்ட் ஸ்பின்னிங்கில் (உருகலைச் சுழலும் சக்கரத்தின் மேல் பீய்ச்சி மிக வேகமாக உறையவைக்கும் முறை) படிகமில்லாத ரிப்பனாக எடுக்கப் பார்க்கிறோம். செப்புச் சக்கரத்தின் விட்டம் 200 மி.மீ., சுழற்சி 2000 ஆர்பிஎம். குவார்ட்ஸ் குழாயின் துளை 0.8 மி.மீ., ஆர்கான் அழுத்தம் 30 கிலோபாஸ்கல். தடிமன் 45 மைக்ரான் வருகிறது. சக்கரம் தொட்ட பக்கத்தில் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) அகன்ற மேடு மட்டும் காட்டுகிறது, அதாவது படிகம் இல்லை. காற்றுப் பக்கத்தில் 65 டிகிரியில் கூர்மையான உச்சம் (செப்பு எக்ஸ்-கதிர்க் குழாய்). மடக்கினால் ஒடிகிறது. வேகத்தைக் கூட்டினால் போதுமா?

மறுமொழி 1:
முதலில் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். வெப்பம் முழுக்கச் சக்கரம் வழியாகவே வெளியேறுகிறது, எனவே காற்றுப் பக்கம் கடைசியாகக் குளிர்கிறது. இப்போது பரப்பு வேகம் நொடிக்கு 21 மீட்டர். 2800–3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் தடிமன் 30 மைக்ரானை ஒட்டி இறங்கும்.

65 டிகிரி என்பது ஆல்ஃபா இரும்பின் (சாதாரண வெப்பநிலையில் இரும்பின் படிக வடிவம்) 200 உச்சம்; 200, 110 என்பவை படிகத் தளங்களின் குறியீடுகள். வழக்கமாக வலுவாக வரும் 110 உச்சம் 44.7 டிகிரியில் தெரியவில்லை என்றால், படிகங்கள் ஒரே திசையமைப்புடன் மேற்பரப்பில் வளர்ந்தவை. உள்ளே படிகம் இருக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். செப்புக் கதிர் இரும்பில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும்.

மறுமொழி 2:
வேகம் மட்டும் போதாமல் போகலாம். போரானை ஃபெரோபோரானாக (இரும்பு-போரான் கலவை) சேர்க்கிறீர்களா? அதிலுள்ள சிறிதளவு அலுமினியமே மேற்பரப்புப் படிகத்தைத் தூண்டும். அதன் பகுப்பாய்வுத் தாளைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது.

சக்கரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் முன் 600, பிறகு 1200 எமரித் தாளால் தேய்த்து அசிட்டோனால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் ரிப்பன் சூடாக இருக்கும்போதே சக்கரத்தை விட்டு விலகும். அப்புறம் மெதுவாகவே ஆறும். படிகமே இல்லாவிட்டாலும் ஒடியும்.

வேகம் ஏறினால் சக்கரத்தோடு இழுபடும் வாயு உருகலுக்கு அடியில் சிக்கிக் குழிகள் விடும். அறை அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது ஹீலியம் நிரப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஃபெரோபோரான்தான். எவ்வளவு பங்கு படிகமாகியிருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

மறுமொழி 1:
டிஎஸ்சியில் (சூடேற்றும்போது மாதிரி வெளிவிடும் அல்லது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி). அதே உருகலிலிருந்து 20 மைக்ரான் ரிப்பன் ஒன்று எடுத்து, இரு பக்கமும் உச்சம் இல்லை என்று உறுதி செய்து ஒப்பீட்டுக்கு வையுங்கள். இரண்டையும் ஆர்கானில் நிமிடத்துக்கு 20 டிகிரி சூடேற்றி, படிகமாகும் உச்சங்களின் மொத்தப் பரப்பை ஒப்பிடுங்கள். ஒப்பீட்டு ரிப்பனைவிட உங்கள் ரிப்பனின் பரப்பு எவ்வளவு பங்கு குறைகிறதோ, அதுதான் ஏற்கெனவே படிகமான பங்கு. இரு உச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் பிரிக்காமல் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எக்ஸ்ஆர்டிக்குக் கோபால்ட் குழாய் கிடைத்தால் நல்லது. செப்புக் கதிரில் இரும்பு ஒளிர்ந்து பின்னணியை உயர்த்தும், சிறு உச்சங்கள் அதில் மூழ்கிவிடும். கோபால்ட்டில் அதே 200 உச்சம் 77 டிகிரியில் வரும்.