புதுப்பிப்பு: பி.காம் இரண்டாம் ஆண்டில் கல்லூரி மாறுவது

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் முதலாண்டு பி.காம் முடித்துவிட்டு மதுரையின் தன்னாட்சிக் கல்லூரிக்கு மாற முடியுமா என்ற இழையில், மதிப்பெண்ணைப் பற்றியே அதிகம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பலரும் கேட்டது பாடத்திட்டம் பற்றி. உண்மையில் சிக்கலே அங்கேதான்.

அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி இரண்டும் காமராசர் பல்கலைக்கழகப் பட்டம் தருபவைதான். ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் அவரவருடையது. அதனால் தாளின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அலகு அலகாக ஒப்பிடுங்கள். நிதிக் கணக்கியலில் கிளைக் கணக்கும் தவணைமுறைக் கொள்முதலும் ஒரு கல்லூரியில் முதலாண்டிலேயே முடிந்திருக்கும், இன்னொன்றில் மூன்றாம் பருவத்துக்குப் போயிருக்கும். விடுபட்ட தாளைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். எந்தெந்தத் தாள், எந்தப் பருவத்தில் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் காலியிடம் உறுதி, அடுத்து இரு கல்லூரிகளின் தடையின்மைச் சான்று, பிறகு பல்கலைக்கழக அனுமதி, கடைசியில்தான் டிசி (மாற்றுச் சான்றிதழ்). அவசரப்பட்டு முதலிலேயே டிசி வாங்கினால், அங்கே இடமில்லை என்றாகும்போது இங்கேயும் பெயர் இருக்காது.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1000 வாங்குகிறவர்கள், சேர்ந்த வாரமே யூமிஸ் (UMIS, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவைப் புதிய கல்லூரிக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள்.