ஹேர்மிஸ் மாதிரிக் கப்பலில் துருக்கறை: ஆலோசனை தேவை

வணக்கம். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, கிளிநொச்சியில் இருந்தபடி 1:700 அளவில் கட்டி வருகிறேன். முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதனோடு மாண்டதால், ஏனோதானோவென்று முடிக்க மனம் வரவில்லை.

கொடிமரக் கம்பிகளுக்கு நூல் தடிப்பாகத் தெரிந்ததால், மாதிரியின் பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்ரிக் சட்டத் துண்டை மெழுகுதிரிச் சுடரில் இளக்கி, மயிரிழையாக இழுத்து ஒட்டினேன். அது நன்றாகவே அமைந்தது. சிக்கல் துருப்பிடித்ததுபோல் வர்ணம் தீட்டுவதில்தான். நங்கூரத் துளையின் கீழ் எண்ணெய் வர்ணத்தைத் தேர்ப்பன்ரைனில் கரைத்துத் தடவியபோது, அடியிலிருந்த சாம்பல்நிற எனாமலும் சேர்ந்து கரைந்துவிட்டது. இடையில் அக்ரிலிக் வார்னிஷ் பூசினால் போதுமா, வன்னிப் புழுதி ஒட்டாமல் அதை எத்தனை நாள் காயவிடுவது? ஒரு மீற்றர்க் கறை இங்கே 1.4 மில்லிமீற்றர்தான் என்பதால், அதை மிகைப்படாமல் தீட்டும் முறையையும் அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லித்தருமாறு வேண்டுகிறேன்.