வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை செல்லுமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து விலகவிருக்கிறேன். அதன்பின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேரக்கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை என்னைக் கட்டுப்படுத்துமா?

பதில் 1: கட்டுப்படுத்தாது, அஞ்ச வேண்டாம். சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. தொழிலை அதன் நற்பெயரோடு (குட்வில்) விற்பவர்மீது போடும் தடைக்கு மட்டுமே அதில் விதிவிலக்கு உண்டு.

பதில் 2: பணிக்காலத்துக்கான தடை வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துக்கொண்டு போட்டி நிறுவனத்தில் சேர்ந்த ஊழியருக்கு எதிரான தடையை, 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே நோட்டீஸ் காலம் முடியும்வரை பொறுத்திருங்கள். வாடிக்கையாளர் பட்டியலையோ மூலநிரலையோ பென் டிரைவில் எடுத்துச் செல்லாதீர்கள்.

பதில் 3: ‘பாண்டு’ எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.